தொக்கு நின்ற ஒன்று

(வட்டத்தின் மாதக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கூட்டங்களில் பின்வரிசையில் அமர்ந்து கேட்டே பழகியவன் நான். சங்கப் பாடல்களைப் பற்றியும் சிற்றிலக்கியங்களைப் பற்றியும் கற்றறிந்தோர் பேசிய இம்மேடையில் கணிப்பொறியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது முதலில் மறுத்தேன். "உமக்குத் தெரிந்ததைத்தானே நீர் பேச முடியும்?" என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன். கணக்குப் போடும் தேவைக்காக நிரல் எழுதப் பழகியவன். இன்று நான் சொல்லப் போவது, 2019 ஆம் ஆண்டில் உலகெங்கும் புள்ளியியலாரைச் சில மாதங்கள் தடுமாற வைத்த ஒரு சிறு பிழையின் கதை. அப்பிழையில் எனக்கும் பங்கு உண்டு என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இலக்கணத்திலிருந்து தொடங்குகிறேன். 'பால் குடித்தான்' என்கிறோம். 'பாலைக் குடித்தான்' என்பதே அதன் விரிவு. ஐ என்னும் உருபு தொக்கு நிற்கிறது. 'பொற்குடம்' என்றால் பொன்னால் செய்யப்பட்ட குடம். அங்கே உருபு மட்டுமின்றிச் 'செய்யப்பட்ட' என்னும் சொல்லும் உடன் தொக்கது. எழுதுபவனும் படிப்பவனும் ஒரே இலக்கணத்தை அறிந்திருக்கும் வரையில் தொகையால் தீங்கில்லை. ஒருவன் ஓர் இலக்கணத்தையும் மற்றவன் வேறோர் இலக்கணத்தையும் கைக்கொண்டால் என்ன ஆகும் என்பதே இன்றைய பேச்சு.

கணிப்பொறி நிரல்கள் சிறு சிறு செயற்கூறுகளால் ஆனவை. வர்க்கமூலம் காண்பதற்கு ஒரு செயற்கூறு; அதனிடம் 49 என்று கொடுத்தால் 7 என்று விடை தரும். அவ்வாறு கொடுக்கப்படும் பொருளுக்குப் பள்ளிப் பாடநூல்களில் 'செயலுருபு' என்றொரு பெயர் வழங்குகிறது. இச்சொல்லைப் படைத்தவர் எவரோ, நம் வேற்றுமை உருபுகளை மனத்தில் வைத்தே படைத்திருப்பார் என்று எண்ணி நான் மகிழ்வதுண்டு. மனிதர் எழுதும் நிரலைப் பொறியின் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். அது சொல்லுக்குச் சொல் மாற்றுவதில்லை. வேண்டாத கட்டளையை நீக்கும்; ஒரே வேலையை இருமுறை செய்யாது; இயன்ற இடத்திலெல்லாம் சிக்கனம் பிடிக்கும். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் ஃபோர்ட்ரான் மொழியின் முதல் கம்பைலர் 1957 இல் வெளிவந்தபோதே இச்சிக்கனம் அதில் இருந்தது. கையால் எழுதிய கட்டளைகளைவிடக் கம்பைலர் தருவது மெதுவாக ஓடினால் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள் என்று அக்குழுவினர் அஞ்சினார்கள். அச்சத்தில் பிறந்த சிக்கனம் அது.

ஃபோர்ட்ரான் பழைய மொழிதான். ஆனால் இறந்த மொழியன்று. சமன்பாடுகளைத் தீர்க்கும் பெருங்கணக்குகளுக்கு இன்றும் உலகம் நம்பியிருப்பது 1992 இல் முதன்முதலாக வெளியான லாபேக் என்னும் ஃபோர்ட்ரான் தொகுப்பையே. அதிலுள்ள செயற்கூறுகளின் பெயர்கள் விந்தையானவை. 'டிபிஓஎஸ்வி' என்பது ஒன்று. பெயரை ஆறெழுத்துக்குள் அடக்க வேண்டும் என்ற அக்கால ஃபோர்ட்ரானின் கட்டுப்பாடு அப்படிச் செய்துவிட்டது. யாப்புக்கு அடங்கி எழுதிப் பழகிய உங்களுக்கு இது வியப்பளிக்காது. இச்செயற்கூறு ஒருவகைச் சமச்சீர் அணிகளைக் கொண்ட சமன்பாடுகளைத் தீர்ப்பது. இதன் உள்ளே இருக்கும் முறை ஷொலெஸ்கி என்னும் பிரெஞ்சு இராணுவ நில அளவையாளர் கண்டது. அவர் 1918 இல் போரில் மாண்டார். முறை 1924 இல்தான் அச்சேறியது. தம் பெயர் இத்தனைக் கணிப்பொறிகளுக்குள் ஓடும் என்று அவர் கனவிலும் கருதியிருக்கமாட்டார்.

புள்ளியியலார் பெரிதும் பயன்படுத்துவது ஆர் என்னும் மொழி. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவர் தொடங்கியது. அதன் முதல் முழுப் பதிப்பு 2000 ஆம் ஆண்டு பிப்ரவரி 29 ஆம் நாள் வெளிவந்தது. ஆரின் உட்பகுதியில் பெரும்பங்கு சி மொழியில் எழுதப்பட்டது. கடினமான கணக்கு வரும்போது அந்தச் சி நிரல் லாபேக்கின் ஃபோர்ட்ரான் செயற்கூறுகளை அழைக்கும். இரு மொழிகளுக்கிடையே நிகழும் இவ்வழைப்பில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது.

ஃபோர்ட்ரானில் ஓர் எழுத்துத் தொடரைச் செயலுருபாகக் கொடுத்தால், அது எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டும் போதாது. எத்தனை எழுத்து நீளம் என்பதும் தெரிய வேண்டும். எழுதுபவர் அந்நீளத்தை எழுதுவதில்லை. கம்பைலரே, கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் செயலுருபாக, பட்டியலின் கடைசியில் சேர்த்து அனுப்பிவிடும். இரண்டு எழுத்துத் தொடர்கள் இருந்தால் இரண்டு நீளங்கள் கடைசியில் தொக்கு நிற்கும். சி மொழியிலோ தொடரின் முடிவைக் காட்ட அதன் இறுதியில் ஒரு சுழியம் இருக்கும். நீளத்தைத் தனியே அனுப்பும் வழக்கம் அதற்கு இல்லை. ஆகவே சி நிரலிலிருந்து ஃபோர்ட்ரானை அழைப்பவர், தொக்கு நிற்கும் அந்நீளத்தைத் தாமே விரித்து எழுத வேண்டும். இதுவே விதி.

இவ்விதியைப் பலரும் பின்பற்றவில்லை. டிபிஓஎஸ்வியின் முதல் செயலுருபு ஒற்றை எழுத்து; அணியின் மேல் முக்கோணத்தைக் கொள்வதா, கீழ் முக்கோணத்தைக் கொள்வதா என்பதைக் குறிப்பது. அது ஓர் எழுத்துதான் என்று ஃபோர்ட்ரான் நிரலிலேயே எழுதப்பட்டிருப்பதால் அச்செயற்கூறு நீளத்தை ஒருபோதும் எடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்காத ஒன்றை அனுப்பினால் என்ன, அனுப்பாவிட்டால் என்ன? அனுப்பாமலே எழுதினார்கள். ஆர் எழுதியவர்கள் மட்டுமல்லர். லாபேக்கைச் சி மொழியிலிருந்து அழைப்பதற்கென்றே அமைந்த லாபேக்ஈ, சிபிளாஸ் என்னும் தொகுப்புகளிலும் அது விடுபட்டே இருந்தது.

நானும் அவ்வாறே எழுதினேன். என் மாணவர்களின் ஆய்வுக் கணக்குகளுக்காகச் சி மொழியில் ஏறத்தாழ முந்நூறு வரிகளில் ஒரு நிரல் செய்தேன். நீளத்தைப் பற்றிக் கையேட்டில் கண்டு ஐயுற்று, என்னைவிட மூத்த ஒருவரிடம் கேட்டேன். "அதைப் போடாவிட்டாலும் ஓடும் தம்பி" என்றார். ஓடியது. பல ஆண்டுகள் ஓடியது. அக்கணக்குகளை நம்பி ஆய்வேடுகள் எழுதப்பட்டன, பட்டங்களும் வழங்கப்பட்டன.

2019 ஆம் ஆண்டில் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரின் புதிய பதிப்புகளுக்கு மாறியவர்களிடத்தில் ஆர் மொழியின் சில தொகுதிகள் காரணமின்றி நிலைகுலைந்தன. நிரலில் ஒரு வரியும் மாறவில்லை. அதே நிரல், அதே தரவு. சோதனை நடுவில் முறிந்தது. ஆர் மையக் குழுவைச் சேர்ந்தவர்கள் பொறிக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்துக் காரணத்தைக் கண்டறிந்தார்கள். அந்த வாசிப்பு எத்தகைய உழைப்பு என்பதை, சுவடியில் ஓரெழுத்தின் ஐயத்தைத் தீர்க்க நாட்கணக்கில் உட்கார்ந்த பதிப்பாசிரியர்களை அறிந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் கண்டது இது. டிபிஓஎஸ்வி முதலில் அணியைக் காரணிப்படுத்தும். பின், கடைசி வேலையாக, டிபிஓடிஆர்எஸ் என்னும் மற்றொரு செயற்கூற்றை அழைக்கும். அதற்குக் கொடுக்கும் எட்டுச் செயலுருபுகளும் தனக்கு வந்த அதே எட்டுத்தான், வரிசையும் அதுவே. அழைப்பு முடிந்தபின் டிபிஓஎஸ்விக்குச் செய்ய வேறொன்றும் இல்லை. இவ்வாறு கடைசியில் நிகழும் அழைப்பை வால் அழைப்பு என்பர். இங்கே ஒரு சிக்கனம் உண்டு. வீடு மாறிப் போனவருக்குக் கடிதம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? அதைப் பிரித்துப் படித்து, வேறோர் உறையில் இட்டு, மறுமொழியை நம் முகவரிக்கு வரவழைத்து, பின்னர் முதலில் எழுதியவருக்கு அனுப்புவதில்லை. அதே உறையின்மேல் பழைய முகவரியை அடித்துப் புது முகவரியை எழுதித் தபாற்பெட்டியில் போட்டுவிடுகிறோம். மறுமொழி எழுதியவருக்கே நேராகச் செல்லும். கம்பைலரும் அதையே செய்கிறது. வந்த உறையே போகும் உறை. கை ஸ்டீல் 1977 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையொன்று, செயற்கூறுகளை அழைப்பது செலவு மிக்கது என்ற பழங்கருத்தை மறுத்து, அழைப்பு என்பது செயலுருபுகளைச் சுமந்துகொண்டு தாவும் ஒரு தாவலே என்று நிறுவிற்று. அச்சிக்கனத்தின் வேர் அங்கே உள்ளது.

உறை எங்கே இருக்கிறது என்பதில்தான் தீங்கு விளைந்தது. இன்றைய பெரும்பான்மைக் கணிப்பொறிகளில், லினக்ஸ் இயங்குதளத்தில், முதல் ஆறு செயலுருபுகள் பதிவகங்கள் என்னும் உள்ளறைகளில் செல்லும். எஞ்சியவை அழைப்பவனுடைய நினைவக அடுக்கில் வரிசையாக இடம்பெறும். வெளிப்படையான செயலுருபுகள் எட்டு; தொக்கு நிற்பது ஒன்று; ஆக ஒன்பது. ஆறு போக மூன்றிற்கு அடுக்கில் இடம் வேண்டும். நீளத்தை மறந்த சி நிரலோ இரண்டு இடங்களையே ஒதுக்கியது. மூன்றாவது இடத்தில் இருந்தது அந்நிரலுக்கே சொந்தமான வேறு ஏதோ ஒன்று.

இதை நிலமாக எண்ணிப் பாருங்கள். குத்தகைச் சீட்டில் மூன்று குழி என்று இருக்கிறது. அளந்து விட்டதோ இரண்டு குழி. குத்தகைக்காரர் சீட்டை நம்பியவர். பல ஆண்டுகளாக மூன்றாவது குழியில் அவர் கால் வைக்கவில்லை என்பதால் ஒருவருக்கும் வேற்றுமை தெரியவில்லை. ஒரு நாள் அவர் மூன்றாவது குழியையும் உழுதார். அது நிலக்காரருடைய கிணற்றடி.

டிபிஓடிஆர்எஸ்ஸுக்கும் எழுத்தின் நீளமாகிய 1 ஐ அனுப்ப வேண்டும். அனுப்பும் உறை பழைய உறையே. ஆகவே டிபிஓஎஸ்வி, மூன்றாவது இடம் தனக்குரியது என்ற உரிமையோடு அங்கே 1 என்று எழுதியது. செயலுருபுகள் வைக்கப்பட்ட இடத்தை அழைக்கப்பட்டவன் மாற்றி எழுதலாம் என்பது விதி தந்த உரிமை. ஆனால் அங்கே சி நிரல் வைத்திருந்தது அழிந்து போயிற்று.

அழிந்தது எது என்பதைப் பொறுத்தே விளைவு. அங்கே ஒரு முகவரி இருந்திருந்தால் நிரல் உடனே முறியும். எண்ணிக்கை ஒன்று இருந்திருந்தால் சுழற்சி முடிவின்றி ஓடலாம். இவ்விரண்டும் நற்பேறு, தீங்கு கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே ஒரு கணக்கின் இடைவிடை இருந்திருந்தால்? நிரல் முறியாது, நிற்காது. தவறான விடையை அமைதியாகத் தந்துவிட்டு முடியும். மருந்தின் பயனை அளக்கும் ஆய்வில் அவ்வாறு ஒரு விடை வந்திருந்தால் எவர் ஐயுற்றிருப்பர்? அவ்வாறு நேர்ந்தது என்று நான் கூறவில்லை. நேர இடம் இருந்தது என்கிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

முன்பெல்லாம் இச்சிக்கனம் ஏன் தீங்கு செய்யவில்லை என்று கேட்பீர்கள். பவர் பிசி வகைப் பொறிகளில் செயலுருபுகள் செல்லும் முறையில் இருந்த வேறொரு பிழையை ஜிஃபோர்ட்ரான் குழுவினர் திருத்தியிருந்தனர். வெளியே உள்ள செயற்கூறு எத்தகைய செயலுருபுகளை ஏற்கும் என்பதை அழைப்பைக் கொண்டே துல்லியமாக அறியுமாறு கம்பைலர் சீர்செய்யப்பட்டது. அவ்வாறு அறிந்ததால், முன்பு துணியாத இடங்களிலும் வால் அழைப்பைத் தாவலாக்க அது துணிந்தது. ஒரு பிழை திருந்தியதும், அதன் நிழலில் நெடுங்காலம் மறைந்திருந்த மற்றொரு பிழை வெயிலுக்கு வந்தது.

இதற்குப்பின் எழுந்த வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. நம் பட்டிமண்டபங்களுக்கு ஏற்றது. கம்பைலர் எழுதுவோர் தரப்பு நேரானது: விதி தெளிவாக இருக்கிறது, கம்பைலர் விதியின்படி நடந்தது, சி நிரல்தான் விதியை மீறியது; மீறியவர் திருந்தட்டும். மறுதரப்பின் வழக்கும் வலுவற்றதன்று: இந்நிரல்கள் எண்ணற்றவை, பற்பல ஆண்டுகளாக ஓடுபவை, பலவற்றை எழுதியவர்கள் ஓய்வுபெற்றோ மறைந்தோ போய்விட்டனர், லாபேக்கின் சொந்தச் சி இடைமுகமே தவறும்போது எவரைக் குறை சொல்வது? உலகம் முழுவதும் ஒரே நாளில் திருந்தாது. இடையில் கெடும் கணக்குகளுக்கு எவர் பொறுப்பு?

நான் எத்தரப்பு என்று கேட்டால், விதியின்படி கம்பைலரே சரி என்பேன். தவறு செய்தவன் என்ற முறையில் அதைச் சொல்ல எனக்குக் கடமையும் உண்டு. 'போடாவிட்டாலும் ஓடும்' என்பது இலக்கணம் ஆகாது. ஆனால் நீதிமன்றத்தில் வெல்வது வேறு, ஊரில் வாழ்வது வேறு. மூன்றாவது குழியைச் சீட்டு தருகிறது என்பதற்காக, கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருப்பவர்களை ஏர் கட்டி விரட்டுவது நன்றன்று. கம்பைலரின் நோக்கம் நிரல்கள் விரைவாக ஓடுவது. தவறாக விரைந்தோடும் நிரலால் எவருக்கு என்ன பயன்?

நடந்ததும் ஏறத்தாழ அதுவே. முதலில் ஆர் குழுவினர், வால் அழைப்பைத் தாவலாக்கும் சிக்கனத்தையே நிறுத்திவைக்கும் விருப்பத்தோடு லாபேக்கைத் தொகுத்துக்கொண்டனர். மருந்து கிடைக்கும் வரை பத்தியம். பின்னர் ஜிஃபோர்ட்ரான் குழுவினர் 2019 இலேயே தம் கம்பைலரில் ஒரு புதிய விருப்பத்தைச் சேர்த்தனர். எழுத்துச் செயலுருபு உடைய செயற்கூறு ஒன்று, முன்னறிவிப்பு இல்லாத பிறிதொன்றைக் கடைசியில் அழைக்குமானால், அங்கே மட்டும் தாவல் வேண்டாம், முறையான அழைப்பே போதும் என்பது அதன் பொருள். கேளாமலே அது நடைமுறையில் இருக்குமாறும் அமைத்தனர். விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். அவ்விருப்பத்தைப் பற்றிய கையேட்டுக் குறிப்பில், இதனால் அடுக்கில் இடம் போதாமற்போகும் தொல்லை நேரலாம், குற்றமுள்ள நிரலைத் திருத்துவதையே மிக வலிமையாகப் பரிந்துரைக்கிறோம், வருங்காலத்தில் இவ்வசதி விலக்கப்படக்கூடும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள். திருத்த விரும்புவோருக்கு வேண்டிய அறிவிப்புகளைக் கம்பைலரே எழுதித் தரும் வசதியும் உண்டு. உரையாசிரியர் தொகையை விரித்துக் காட்டுவதுபோல் தொக்கு நின்ற நீளங்களை அது விரித்துக் காட்டுகிறது.

ஆர் குழுவினரும் வாளாவிருக்கவில்லை. தம் சி நிரல்களில் விடுபட்ட நீளங்களைச் சேர்த்தனர். தொகுதிகள் எழுதுவோரையும் சேர்க்கச் சொன்னார்கள். காலப்போக்கில் அதைக் கட்டாயமாக்கினார்கள். இங்கும் ஒரு சிறு வழுக்கல் இருந்தது. அந்நீளம் எவ்வகை எண்ணாகச் செல்ல வேண்டும் என்பதை ஜிஃபோர்ட்ரான் தன் எட்டாம் பதிப்பில், 2018 இல், மாற்றியிருந்தது. நான்கு பைட்டுகளாக இருந்தது எட்டாயிற்று. ஆகவே நேர்மையாக நீளத்தை எழுதி வைத்திருந்த சிலரும் தம் நிரலைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. ஒழுங்காக நடந்தவர்க்கும் தண்டனை! இதை எண்ணித்தானோ என்னவோ, ஃபோர்ட்ரான் மொழியின் 2003 ஆம் ஆண்டுத் தரம், சி மொழியோடு பேசுவதற்கென்று இவ்வாறான மறைபொருள் ஏதுமில்லாத தெளிவான ஒரு முறையை வகுத்துத் தந்திருந்தது. லாபேக் அதற்கு முன்பே பிறந்துவிட்டது. அதை அழைக்கும் நிரல்களும் பிறந்துவிட்டன.

என் முந்நூறு வரி நிரலை அவ்வாண்டு கோடை விடுமுறையில் தேடி எடுத்தேன். பழைய குறுந்தகடு ஒன்றில் இருந்தது. லாபேக்கை அழைக்கும் இடங்கள் ஏழு. ஏழிலும் பட்டியலின் கடைசியில் 1 என்று சேர்த்தேன்; ஓரிடத்தில் எழுத்துச் செயலுருபுகள் இரண்டு இருந்ததால் இரண்டு முறை 1 என்று எழுதினேன். அறிவிப்புகளையும் அதற்கேற்பத் திருத்தினேன். பின்பு, பழைய ஆய்வேடுகளில் எனக்கு எட்டிய நான்கின் தரவுகளைப் பெற்று எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டேன். விடைகள் பழைய விடைகளோடு பொருந்தின. எஞ்சியவர்களுள் இருவர்க்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். அவர்களிடம் தரவு இன்னும் இருக்கிறதா என்று இதுவரை மறுமொழி வரவில்லை.